எனிட், என் கோட்டு எங்கே

அந்தப் பாட்டை எனிட் ஹோல்ராய்ட் முதன்முதலாகக் கேட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தபோது. மகள் பெரில் டிரான்சிஸ்டரை ஜன்னல் விளிம்பில் வைத்து, சத்தத்தைக் கூட்டினாள். "அம்மா, இதைக் கேளேன். நம்ம நார்மன் பாட்டு. ரேடியோவுல போடறாங்க."

நார்மன் ஃபாசெட்டை எனிட்டுக்கு நன்றாகத் தெரியும். மோர்காம் கடற்பாலத்தின் மேலிருக்கும் நடனக்கூடத்தில் மூன்று வருடம் பியானோ வாசித்தவன். அங்கே வருகிறவர்களின் கோட்டையும் குடையையும் வாங்கி, நம்பர் சீட்டு கொடுத்து, திரும்ப எடுத்துத் தருவது எனிட்டின் வேலை. இடைவேளையில் நார்மன் அவளுடைய மேசைப் பக்கம் வந்து நின்று டீ குடிப்பான். போன குளிர்காலத்தில்தான் நான்கு நண்பர்களோடு பாட்டுக்குழு ஒன்று சேர்த்துக்கொண்டு லண்டனுக்குப் போனான்.

பாட்டு தொடங்கியதும் எனிட்டுக்குச் சிரிப்பு வந்தது. இளவட்டங்கள் பாடும் கிட்டார் பாட்டு இல்லை இது. தாத்தா காலத்து மியூசிக் ஹால் மேடையில் பாடுவார்களே, அந்த மாதிரி. கரகரத்த பழைய பியானோ, யானை நடப்பது போல ஊதும் பெரிய குழல், மேசையைச் சுத்தியலால் தட்டி "சீமான்களே, சீமாட்டிகளே" என்று கூப்பிடும் குரல், பின்னால் குடித்துவிட்டுக் கும்மாளம் போடும் கூட்டத்தின் ஆரவாரம். செவ்வாய்க்கிழமை தேநீர் நடனத்துக்கு வரும் கிழவர்கள் விரும்பிக் கேட்கும் பழைய மெட்டுகளை வாசித்து வாசித்து, அதே அச்சில் புதிதாக ஒன்றை வார்த்திருந்தான். பிறகு எல்லாரும் சேர்ந்து பல்லவியைப் பிடித்தார்கள்.

"எனிட், எனிட், என் கோட்டு எங்கே?
மோர்காம் பாலத்து முனையிலே,
ஒரு கண்ணு கடல் நீலம், மறு கண்ணு டீத்தண்ணி,
எந்தக் கண்ணால பார்த்து வெச்ச, சொல்லடி பெண்மணி!"

கத்தி கையிலிருந்து நழுவித் தண்ணீர்ப் பாத்திரத்தில் விழுந்தது.

எனிட்டின் இடது கண் நீலம், வலது கண் பழுப்பு. பிறவியிலேயே அப்படி. பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். பதினான்கு வருடங்களுக்கு முன், 1953 மார்ச்சில், ஹல் துறைமுகத்திலிருந்து மூன்று வயதுக் குழந்தையையும் ஒரு பையையும் தூக்கிக்கொண்டு அவள் ரயில் ஏறியபோது குடும்பப் பெயரை மாற்றிக்கொண்டாள், தலைமுடிக்குச் சாயம் போட்டாள், ஊர்ப் பேச்சைக்கூட மாற்றப் பழகினாள். கண்ணை மட்டும் என்ன செய்வது? நாட்டின் ஒரு கரையை விட்டு மறு கரைக்கு வந்தாள். அவ்வளவுதான் முடிந்தது.

"அம்மா, நீ அழறியா?"

"வெங்காயம்," என்றாள் எனிட். அடுப்படியில் வெங்காயமே இல்லை. பெரில் கவனிக்கவில்லை. அவள் நாற்காலியைத் தட்டிக்கொண்டு பல்லவியைத் திரும்பப் பாடிக்கொண்டிருந்தாள்.

ஜூலையில் அந்தப் பாட்டு இசைத்தட்டு விற்பனைப் பட்டியலில் இருபதாவது இடத்தில் இருந்தது. ஆகஸ்டில் மூன்றாவது இடம். பால்காரர் சீட்டியடித்தார். பேருந்து நடத்துனர் டிக்கெட் கிழித்துக்கொண்டே, எந்தக் கண்ணால் பார்க்கிறீர்கள் அம்மா என்று கேட்டார். விடுமுறைக்கு வந்தவர்கள் வெயிலடிக்கும் நாளில்கூடக் கையில் கோட்டோடு பாலத்தின் முனைவரை நடந்து வந்தார்கள். சீட்டை வாங்கும்போது குனிந்து அவள் முகத்தை உற்றுப் பார்ப்பார்கள். "ஆமாம்டீ, நிஜமாவே ரெண்டு கலர்" என்று பக்கத்தில் இருப்பவளை இடிப்பார்கள். நடனக்கூட முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. அவளுடைய மேசைக்கு மேலே பெரிய எழுத்தில் பெயர்ப்பலகை மாட்டினார். எனிட் இரண்டு முறை அதைக் கழற்றி வைத்தாள். இரண்டு முறையும் அது திரும்ப மேலே ஏறியது.

ஒவ்வொரு கோட்டாக வாங்கும்போதும் அவள் முதலில் கையைப் பார்த்தாள், அப்புறம்தான் முகத்தை. அவள் வரக் கூடாது என்று பயந்த ஒரு கையில் இடது சுண்டுவிரலின் நுனி கிடையாது. மீன்பிடிக் கப்பலில் வடம் இழுக்கும்போது போனது. ஒரு நாளில் முந்நூறு கை. 

மான்செஸ்டரிலிருந்து ஒரு பத்திரிகைக்காரர் வந்தார். படம் எடுக்க வேண்டும் என்றார். எனிட் கூடாது என்று சொல்லிவிட்டாள். வேறொருவர் வந்தார், அவரிடமும் அதே பதில். பெரிலுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. நாடே தன் அம்மாவைப் பாடுகிறது, அம்மாவோ இழவு வீட்டில் இருப்பதுபோல் திரைச்சீலையை இழுத்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பெரிலுக்குத் தெரிந்ததெல்லாம் அப்பா வடகடலில் கப்பலோடு மூழ்கிப் போனார் என்பதுதான். அவருக்காக ஒவ்வொரு நவம்பரிலும் தேவாலயத்தில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுவாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனிட் தலையைக் குனிந்துகொள்வாள்.

செப்டம்பர் முதல் வாரம் பெரிலே ஒரு படத்தைக் கொடுத்துவிட்டாள். கடற்கரையில் எடுத்தது. அம்மாவும் மகளும் தோளோடு தோள் சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். காலையில் பத்திரிகையை மேசைமேல் விரித்து வைத்து, "பாரு, எவ்வளவு அழகா இருக்கே" என்றாள். படத்துக்குக் கீழே இருவர் பெயர்களும் இருந்தன, பெரிலின் வயது பதினேழு என்றும் இருந்தது.

எனிட் பத்திரிகையை நான்காக மடித்தாள், எட்டாக மடித்தாள், அதற்கு மேல் மடிக்க முடியவில்லை.

அன்று மதியமே தொலைபேசிக் கூண்டுக்குப் போய் லண்டனுக்குப் பேசினாள். நார்மன் கிடைக்க இருபது நிமிடம் ஆனது. உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொல்லாமல் வைத்திருந்தேன் ஆன்ட்டி, என்று தொடங்கினான். அவள் நடுவில் நிறுத்தி, பதினான்கு வருடமாக யாரிடமும் சொல்லாததை அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று அவனிடம் சொன்னாள். கணவன் வால்டர் ஸ்கேஃப், ஹல், பூட்டிய கதவு, இஸ்திரிப் பெட்டி. வெளியே ஒரு ஆள் தன் முறைக்காகக் காத்து நின்று மெல்ல அதே மெட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.



"ஆன்ட்டி, நான் சும்மா தமாஷுக்குத்தான் எழுதினேன்," என்றான் நார்மன். "உங்க பேரு மெட்டுல அழகா உட்கார்ந்துச்சு. அவ்வளவுதான்."

"தெரியும் தம்பி. உன்மேல கோபம் இல்ல. அதை நிறுத்த முடியுமான்னு மட்டும் சொல்லு."

முடியாது. மூன்று லட்சம் வீட்டில் அந்த இசைத்தட்டு இருந்தது. நார்மன் தன்னால் ஆனதைச் செய்தான். அந்த வாரம் ஒரு வானொலிப் பேட்டியில், பாட்டில் வரும் எனிட் உண்மையில் யாரும் இல்லை, கிரேட் யார்மத் ஊரில் பார்த்த ஒரு கிழவியை வைத்துப் புனைந்தது, அவளும் இறந்துவிட்டாள் என்று சொன்னான். பேட்டி எடுத்தவர் சிரித்தார். மோர்காம் எனிட்டின் படத்தைத்தான் ஊரே பார்த்ததே என்றார்.

அக்டோபர் மூன்று, செவ்வாய்க்கிழமை. காலையிலிருந்து மழை. தேநீர் நடனத்துக்குக் கூட்டம் அலைமோதியது. நனைந்த கம்பளி வாடை அறை முழுக்க நிறைந்திருந்தது. பெரிலுக்கு அன்று தட்டச்சு வகுப்பு இல்லை, அம்மாவுக்கு ஒத்தாசையாகக் கோட்டுகளை உள்ளே கொண்டுபோய் மாட்டிக்கொண்டிருந்தாள். மூன்றரை மணிக்கு வாத்தியக் குழுத் தலைவர் சிரில் அந்தப் பாட்டைத் தொடங்கினார். இப்போதெல்லாம் தினமும் இரண்டு முறை அதை வாசித்தாக வேண்டும். நடனமாடியவர்கள் எல்லாரும் வழக்கம்போல் கோட்டு அறைப் பக்கம் திரும்பி, காலால் தரையை உதைத்து, அவளைப் பார்த்துக் கைநீட்டிப் பாடினார்கள். பாலத்தின் பலகைகள் அதிர்ந்தன.

அந்த அமளியில் ஒரு கனத்த நீலக் கோட்டு மேசைமேல் வந்து விழுந்தது. எனிட் கையைப் பார்த்தாள்.

சுண்டுவிரல் நுனி இல்லை.

அவள் நிமிரவில்லை. நம்பர் சீட்டைக் கிழித்தாள். எழுபத்தொன்று. விரல்கள் தானாக வேலை செய்தன. சீட்டின் பாதியைக் கோட்டின் கழுத்தில் குத்தினாள், மறு பாதியை நீட்டினாள். பின்னாலிருந்து பெரில் வந்து கோட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவன் கண்கள் அவளோடு உள்ளேவரை போய்த் திரும்பியதை எனிட் நிமிராமலே உணர்ந்தாள்.

"கண்ணு ரெண்டும் அப்படியேதான் இருக்கு," என்றான் வால்டர். குரலை உயர்த்தவில்லை. அவன் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. "பாட்டு நல்லாருக்கு, எனிட். கப்பல்ல எல்லாரும் பாடுறானுங்க. நானும் கூடவே பாடினேன். அப்புறம்தான் மண்டையில உறைச்சுது."

அவன் இடது கையிலிருந்த கடிகாரத்தை நிதானமாகக் கழற்றி மேசைமேல் வைத்தான். ஹல்லில் இருந்த நான்கு வருடமும் அவன் கடிகாரத்தைக் கழற்றினால் அடுத்து என்ன என்று அவளுக்குத் தெரியும். கண்ணாடி உடையக் கூடாதே என்றுதான் முதலில் அதைக் கழற்றி வைப்பான். 

"பொண்ணு என் அம்மா ஜாடை," என்றான். "எழுதித் தந்த மாதிரி. அவளைக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன். நீ வந்தாலும் வா, வராட்டியும் போ."

பாட்டு இரண்டாம் முறையாகப் பல்லவிக்கு வந்தது. இருநூறு பேர் அவள் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். அவளைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பேரில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. வாசலில் நின்ற காவலாளி டன்ஸ்டலும் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். கூப்பிட்டால் குரல் வராது, வந்தாலும் கேட்காது என்று எனிட்டுக்குத் தோன்றியது. உள்ளே கோட்டு மாட்டும் கம்பிகளுக்கு நடுவே பெரிலின் முதுகு தெரிந்தது. இன்னும் அரை நிமிடத்தில் அவள் திரும்பி வருவாள்.

எனிட் மேசைப் பலகையைத் தூக்கினாள். வெளியே வந்தாள். வால்டரைக் கடந்து, நடனமாடுகிறவர்களுக்கு நடுவே நடந்தாள். அவர்கள் மகிழ்ந்து வழிவிட்டார்கள். யாரோ ஒருவர் அவள் கையைப் பிடித்து ஒரு சுற்று சுற்றிவிட்டார். அவள் மேடைப் படியில் ஏறி, பாடகனுக்கு முன்னிருந்த ஒலிவாங்கியைப் பிடித்தாள். சிரில் ஆச்சரியப்பட்டு வாத்தியங்களைத் தணித்தார். கூட்டம் கைதட்டியது. பாட்டின் நாயகியே பாடப் போகிறாள் என்று நினைத்துவிட்டார்கள்.

"கோட்டு மேசைகிட்ட நிக்கிறாரே, அவர்தான் என் புருஷன்," என்றாள் எனிட்.

கூட்டம் சிரித்தது. பின்வரிசையில் ஒருவர், "பாவம், கோட்டு கேட்டு வந்திருக்காரு" என்றார். சிரிப்பு இன்னும் பலமானது. எனிட் ஒலிவாங்கியின் கம்பத்தை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள்.

வால்டரும் சிரித்தான். கைகளை விரித்து, கூட்டத்தைப் பார்த்து, "இவ எப்பவும் இப்படித்தாங்க, தமாஷ்காரி" என்றான். நல்ல சிரிப்பு அவனுக்கு. அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் அவளும் அவனைக் கட்டிக்கொண்டாள். முன்னால் நின்ற பெண்கள் அவனைப் பார்த்துத் தலையாட்டுவதை எனிட் பார்த்தாள்.

கூட்டத்தில் சிரிக்காத ஒரே ஆள் பெரில். கோட்டு அறை வாசலில் வந்து நின்றிருந்தாள். அவள் அம்மாவின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெரில்," என்றாள் எனிட் ஒலிவாங்கியில். கூட்டத்தை விட்டுவிட்டாள், மகளோடு மட்டும் பேசினாள். "உன் அப்பா கப்பல்ல சாகல. நான் சொன்னது பொய். இவர்கிட்டேருந்துதான் உன்னைத் தூக்கிட்டு ஓடி வந்தேன். மன்னிச்சுக்க."

சிரிப்பு அங்கங்கே அறுந்தது. முழுசாக நிற்கவில்லை. சிரில் தன் குச்சியைக் கீழே வைத்துவிட்டு அவளருகே வந்து, "நெசமாவா அம்மா?" என்று மெதுவாகக் கேட்டார். ஒலிவாங்கி அதையும் கூடம் முழுக்கக் கொண்டுபோனது. எனிட் தன் முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டுப் பொத்தானை அவிழ்த்தாள்.  சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டி, கையை வெளிச்சத்தில் நீட்டினாள். இஸ்திரிப் பெட்டியின் கூர்முனை தோலில் அப்படியே தழும்பாகப் பதிந்து, வெளுத்து, பளபளத்தது. மேடைக்குக் கீழே நின்ற பெண்களுக்குத்தான் முதலில் தெரிந்தது. அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களிடமிருந்து பின்வரிசைவரை அமைதி பரவிச் சென்றது. பிறகு பாலத்துக்கு அடியில் கடல் அடிக்கும் சத்தம் கேட்டது.

வால்டர் சிரிப்பை நிறுத்தவில்லை. பெரிலின் பக்கம் திரும்பி, "வாம்மா, அப்பாகூட ஒரு டீ குடி. ரெண்டு பக்கமும் கேட்டுட்டு முடிவு பண்ணு" என்றான்.

பெரில் உள்ளே போனாள்.  மேடையிலிருந்து மேசைவரை நாற்பது தப்படி, எனிட்டால் ஒரு தப்படி எடுக்க முடியவில்லை. பெரில் திரும்பி வந்தபோது அவள் கையில் அந்த நீலக் கோட்டு இருந்தது. கையை முழுக்க நீட்டி, உடம்பைப் பின்னால் வைத்துக்கொண்டு, அதை அவனிடம் நீட்டினாள். 

அவன் கொஞ்ச நேரம் வாங்காமல் நின்றான். டன்ஸ்டல் வாசலை விட்டு வந்து பெரிலுக்குப் பக்கத்தில் நின்றார். எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள், நடன ஜோடியின் கையை உதறிவிட்டு வந்து மறுபக்கம் நின்றாள். அவள் பின்னால் இன்னும் இரண்டு பேர். வால்டர் கோட்டை வாங்கி, அவசரப்படாமல் மாட்டிக்கொண்டான். எல்லாப் பொத்தானையும் போட்டான். கடிகாரத்தைக் கட்டிக்கொண்டான்.

"பச்சைக் கதவு, பக்கத்துல தையல் கடை," என்றான், மேடையைப் பார்த்து. "நேத்தே பார்த்துட்டேன்."

பிறகு பாலத்தின் வழியாக மழையில் நடந்து போனான்.

காவல் நிலையத்தில் இருந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். அவர் உங்களைத் தொட்டாரா? இல்லை. மிரட்டினாரா? வீட்டுக் கதவின் நிறத்தைச் சொன்னார். அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். புருஷன் பெண்டாட்டி விஷயம், சட்டப்படி வக்கீலைப் பாருங்கள் என்றார்.

அன்றிலிருந்து டன்ஸ்டல் தினமும் வேலை முடிந்ததும் அவளை வீடுவரை கொண்டுபோய் விட்டார். பக்கத்துத் தையல் கடைக்காரி, ஆபத்து என்றால் சுவரில் மூன்று முறை தட்டு, ஓடி வருகிறேன் என்று சொல்லி வைத்தாள்.  நடனக்கூடத்தில் அந்தப் பாட்டை நிறுத்திவிட்டார்கள். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, சிரில் அதை மறுபடி தொடவில்லை. ஆனால் வெளியே அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. மீன் கடையில், பேருந்தில், பக்கத்துத் தெருப் பள்ளி மைதானத்தில். ஒவ்வொரு முறை கேட்கும்போதும் எனிட் திரும்பிப் பார்ப்பாள். பின்னால் யாரும் இருக்கமாட்டார்கள்.

நார்மன் லண்டனிலிருந்து ரயிலேறி வந்தான். சமையலறையில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். தனக்குத் தெரிந்தவர்களின் வீடு ஒன்று டெவனில் காலியாக இருக்கிறது, யாருக்கும் தெரியாமல் இருவரையும் அங்கே கொண்டுபோய் விடுகிறேன் என்றான்.

"இன்னொரு தடவை என்னால மூட்டை கட்ட முடியாது தம்பி," என்றாள் எனிட். "அங்க போயும் அவன் வருவானோன்னுதான் உட்கார்ந்திருப்பேன். இங்க சுவத்தைத் தட்டினா வர்றதுக்காவது ஒரு ஆள் இருக்கா."

நார்மன் அழுதான். அவள் அவனுக்கு டீ ஊற்றிக் கொடுத்தாள்.

பெரில் பதினோரு நாள் அம்மாவோடு பேசவில்லை. சாப்பிட்டாள், வகுப்புக்குப் போனாள், வந்தாள். இத்தனை நவம்பர் மெழுகுவர்த்திகளை நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்று எனிட்டுக்குத் தெரியும். கேட்கத் தைரியம் வரவில்லை. வால்டரிடம் பயந்ததைவிட இதற்குத்தான் அதிகம் பயந்தாள் என்றுகூடச் சொல்லலாம். பன்னிரண்டாம் நாள் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தபோது பெரில் கேட்டாள்.

"அவருக்குப் பாட வருமா?"

எனிட் யோசித்தாள். இனிப் பொய் சொல்வதில்லை என்று முடிவெடுத்திருந்தாள்.

"வரும். நல்லாப் பாடுவார். அப்போ உன்னைத் தூங்க வெச்சதே அவர்தான்."

பெரில் துடைத்த தட்டையே மறுபடி துடைத்தாள். அப்புறம் எல்லாவற்றையும் ஒன்றொன்றாகக் கேட்டாள். எனிட் ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள்.

விவாகரத்து வழக்கு அடுத்த ஏப்ரலில் லங்காஸ்டர் நீதிமன்றத்தில் வந்தது. எனிட் முந்தின நாளிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. கதவு திறக்கும்போதெல்லாம் திடுக்கிட்டாள். வால்டர் வரவில்லை. அவனுடைய அக்காவிடமிருந்து வக்கீலுக்கு ஒரு கடிதம்தான் வந்திருந்தது. தம்பி ஐஸ்லாந்துப் பக்கம் போகும் கப்பலில் சேர்ந்துவிட்டான், எப்போது திரும்புவான் என்று தெரியாது. வக்கீல் அதை நல்ல செய்தியாகச் சொன்னார். எனிட் கடிதத்தை வாங்கி இரண்டு முறை படித்தாள். எப்போது திரும்புவான் என்று தெரியாது என்ற வரியில் விரலை வைத்துக்கொண்டே நின்றாள். இருபது நிமிடத்தில் நீதிபதி அவள் பக்கம் தீர்ப்புச் சொன்னார்.

வெளியே வந்ததும் பெரில், பசிக்கிறது என்றாள். ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு தேநீர்க் கடையில் நுழைந்தார்கள். எனிட் சுவரோரமாக இருந்த மேசையைத் தேர்ந்தெடுத்து, வாசல் தெரியும்படி உட்கார்ந்தாள். இறைச்சிப் பணியாரமும் டீயும் வந்தன. பெரில் எதிர் நாற்காலியில் உட்காரப் போனவள், அம்மா எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று திரும்பிப் பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து அம்மாவின் பக்கத்தில் போட்டு, அவளும் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள்.